முட்டையிடமே தோற்றுவிட்டீர்கள்... தெரியுமா?

உங்கள் ஃபோட்டோ ஒன்றுக்கு இதுவரை அதிகபட்சம் எத்தனை லைக் விழுந்திருக்கிறது? 50? 500? கல்யாணத்தன்று போட்ட படத்துக்கு 1,000? ஒரு கோழிமுட்டைக்கு எவ்வளவு விழுந்தது தெரியுமா? 5 கோடிக்கு மேல்!

2019 ஜனவரி 4. இன்ஸ்டாகிராமில் வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு பழுப்பு நிற முட்டை. அவிக்கவில்லை, பொரிக்கவில்லை, மேலே மிளகுத்தூள்கூட இல்லை. 'உலகத்திலேயே அதிக லைக் வாங்கிய படமாக இதை ஆக்குவோம்' என்று ஓர் அழைப்பு. அவ்வளவுதான். அதுவரை சாதனை யார் கையில் இருந்தது? அமெரிக்கப் பிரபலம் கைலி ஜென்னர், பிறந்த குழந்தையின் பிஞ்சு விரல்களைக் காட்டிப் போட்ட படம். 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் லைக்! முட்டை அதைத் தாண்ட எத்தனை நாள் எடுத்தது? பத்தே நாள்!

கூத்து அதோடு முடியவில்லை. கொஞ்ச நாளில் முட்டையில் விரிசல் விழுந்தது. அடுத்த படத்தில் விரிசல் பெரிதானது. ஒரு மாதம் ஆனபோது வீடியோவில் வந்து, சோஷியல் மீடியா தரும் அழுத்தம் தாங்க முடியவில்லை என்று முட்டையே புலம்பியது! மனநலம் பற்றிய விழிப்புணர்வு விளம்பரமாம். முட்டைக்குப் பின்னால் இருந்தவர் கிறிஸ் காட்ஃப்ரே என்ற லண்டன் விளம்பரக்காரர். அந்தச் சாதனை உடைந்தது 2022 டிசம்பரில்தான். உடைப்பதற்கு மெஸ்ஸியே உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது!

லைக்கைப் பெற்றெடுத்தவர்களின் கதி!

ஃபேஸ்புக்கின் லைக் பட்டனுக்கு முதலில் வைத்த பெயர் லைக் இல்லை, தெரியுமா? 'ஆஸம்' பட்டன்! 2007-லேயே யோசனை வந்துவிட்டது. மார்க் ஸக்கர்பெர்க் திரும்பத் திரும்ப 'வேண்டாம்' என்றார். இழுத்து இழுத்து 2009 பிப்ரவரி 9 அன்றுதான் கட்டைவிரல் உயர்ந்தது!

சரி, அதை உருவாக்கிய குழுவில் இருந்த லியா பெர்ல்மன் பிறகு என்ன ஆனார் தெரியுமா? ஃபேஸ்புக் வேலையை விட்டுவிட்டு கார்ட்டூன் வரையப் போனார். வரைந்ததை எங்கே போட்டார்? ஃபேஸ்புக்கில்தான்! ஆரம்பத்தில் லைக் குவிந்தது. அப்புறம் அல்காரிதம் மாறியது. லைக் குறைந்தது. மனசு தளர்ந்தது. எத்தனை லைக் என்பதை வைத்தே தன்னை எடைபோட ஆரம்பித்துவிட்டதாக அவரே பேட்டிகளில் சொன்னார். கடைசியில் கைக்காசு போட்டு ஃபேஸ்புக்கில் விளம்பரமே வாங்கினார்! லைக்கைக் கண்டுபிடித்தவர் லைக்குக்காகப் பணம் கட்டினார் என்றால் நம்மையெல்லாம் யார் குறை சொல்ல முடியும்?

அதே குழுவில் இன்னொருவர், ஜஸ்டின் ரோஸன்ஸ்டைன். புது ஐஃபோன் வாங்கியதும் தன் உதவியாளரிடம் ஒரு வேலை கொடுத்தார். என்ன வேலை? குழந்தைகளுக்குப் போடுவார்களே, அந்தப் பூட்டைத் தன் ஃபோனுக்கே போடச் சொன்னார்! அவரே நினைத்தாலும் ஆப் எதையும் இறக்க முடியாது!

லைக் மூளைக்குள் என்ன செய்கிறது? கலிஃபோர்னியாவில் 32 டீன்ஏஜ் பிள்ளைகளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து ஃபோட்டோ காட்டினார்கள். 2016-ல் வெளிவந்த ஆய்வு அது. தங்கள் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்ததும் மூளையில் பரிசு கிடைத்தால் துள்ளும் பகுதி துள்ளியது. அதுகூடப் பரவாயில்லை. ஒரே படத்தைப் பாதிப் பேருக்கு நிறைய லைக்கோடும், மீதிப் பேருக்குக் கொஞ்சம் லைக்கோடும் காட்டினார்கள். லைக் எண்ணிக்கை மொத்தமும் ஆராய்ச்சியாளர்கள் ஒட்டவைத்த பொய்! பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? லைக் அதிகம் இருந்த படத்துக்கே தாங்களும் லைக் போட்டார்கள்!

தன்னைப் பற்றிப் பேசுவதற்காக மனிதன் காசைக்கூட விட்டுக்கொடுப்பான், தெரியுமா? ஹார்வர்டு ஆய்வு, 2012. அடுத்தவரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னால் அதிகப் பணம், தன்னைப் பற்றிச் சொன்னால் குறைவு. கிடைக்கக்கூடிய பணத்தில் 17 முதல் 25 சதவீதம் வரை போனால் போகட்டும் என்று தன் புராணமே பாடினார்கள்!

ஆர்குட் காலத்து ஐஸ்கட்டி!

ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? 2004 ஜனவரியில் பிறந்து 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்ட அந்த ஊதா நிறப் பக்கம்? ஆர்குட் என்பது அதை உருவாக்கிய கூகுள் எஞ்சினியரின் சொந்தப் பெயர், தெரியுமா? ஆர்குட் புயுக்கோக்டென்! தன் பெயரையே தளத்துக்கு வைத்தவரை விடவா நாம் சுயவிளம்பரம் செய்துவிட்டோம்?

அங்கே நண்பர்களுக்கு மார்க்கே போடலாம்! நம்பகமானவரா? சிரிப்பு முகம். கூலான ஆளா? ஐஸ்கட்டி. கவர்ச்சியா? இதயம். மூன்று வரிசையும் புரொஃபைலில் ஊருக்கே தெரியும்படி தொங்கும்! போதாததற்கு டெஸ்டிமோனியல், அதாவது நண்பர் எழுதித் தரும் பாராட்டுப் பத்திரம். 'மச்சி, எனக்கு ஒண்ணு எழுது, உனக்கு ஒண்ணு எழுதுறேன்' என்று எத்தனை பேர் பண்டமாற்று செய்திருப்பீர்கள்?

மைஸ்பேஸில் கணக்கு தொடங்கினால் முதல் நண்பர் யார் தெரியுமா? எல்லாருக்கும் ஒரே ஆள்! நிறுவனர்களில் ஒருவரான டாம் ஆண்டர்சன். தானாகவே வந்து நட்புப் பட்டியலில் உட்கார்ந்துகொள்வார். அங்கே இன்னொரு வம்பு, 'டாப் 8'. இருக்கிற நண்பர்களில் எட்டுப் பேரைப் பொறுக்கி வரிசைப்படுத்தி முகப்பில் மாட்ட வேண்டும். ஒன்பதாவது ஆள் நிலைமை? யோசித்துப் பாருங்கள்! 2005-ல் 58 கோடி டாலருக்கு விலைபோன மைஸ்பேஸ் 2011-ல் சுமார் 3.5 கோடி டாலருக்குக் கைமாறியது.

உங்களுக்கே ஒரு ஸ்கோர் போட்டால் எப்படி இருக்கும்? 100-க்கு எவ்வளவு? 'க்ளவுட்' என்ற நிறுவனம் அதைத்தான் செய்தது! இணையத்தில் உங்கள் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்று 1 முதல் 100 வரை மார்க். இந்த யோசனை நிறுவனர் ஜோ ஃபெர்னாண்டஸுக்கு எப்போது வந்தது? தாடையில் அறுவை சிகிச்சை முடிந்து, வாயைக் கம்பியால் கட்டிவைத்திருந்தபோது! பேச முடியாமல் மாதக்கணக்கில் ட்விட்டரே கதி என்று கிடந்த நேரம். 2014-ல் நிறுவனம் ஏறத்தாழ 20 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2018 மே 25, மூடுவிழா. அத்தனை பேர் ஸ்கோரும் ஒரே நாளில் காலி!

பாறையில் ஒரு புரொஃபைல்!

சுயவிளம்பரம் செல்ஃபோனோடு வந்தது என்று நினைக்கிறீர்களா? பாரசீக மன்னன் தாரியஸைக் கேளுங்கள்! ஈரானின் பெஹிஸ்தூன் மலை. 2,500 ஆண்டுகளுக்கு முன்னால், செங்குத்துப் பாறையில், தரையிலிருந்து வெகு உயரத்தில், மூன்று மொழிகளில் வெட்டிவைத்தான்: நான் யார், என் அப்பா யார், யாரையெல்லாம் அடித்தேன். ஒரே ஆண்டில் 19 போர் என்ற கணக்கோடு! காலடியில் மிதிபடும் எதிரி, கயிற்றில் கட்டிய கைதிகள் என்று படமும் உண்டு. ஆனால் கீழே நிற்பவனால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது! அதனால் என்ன? பிரதி எடுத்து சாம்ராஜ்யம் முழுக்க அனுப்பிவிட்டான். எகிப்தில்கூட ஒரு பிரதி கிடைத்திருக்கிறது. ஷேர் செய்வது அப்போதே உண்டு!

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? போனால் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் குட்டிக் குட்டிச் சந்நிதிகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மனின் பட்டப்பெயர்கள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. எத்தனை தெரியுமா? 10? 20? 200-க்கும் மேலே! ஒரு மனிதர், 200 பட்டம்! நம் ஊர் பேனரில் தலைவருக்கு முன்னால் ஆறு அடைமொழி போட்டால் முணுமுணுக்கிறோம். 1,300 ஆண்டுக்கு முந்தைய இந்த வரிசைக்கு முன்னால் அந்த ஆறெல்லாம் எந்த மூலைக்கு?

அவனுடைய முன்னோர் மகேந்திரவர்மன் மட்டும் லேசுப்பட்டவனா? பட்டங்களைக் கேளுங்கள். விசித்திரசித்தன். சித்திரகாரப்புலி. மத்தவிலாசன், அதாவது போதைக் கூத்தில் திளைப்பவன்! இதில் கடைசிப் பட்டத்தைத் தான் எழுதிய நகைச்சுவை நாடகத்தின் தலைப்பிலேயே நுழைத்துவிட்டான். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் இன்னொரு வேலை பார்த்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, இவை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இதை எடுத்தவன் விசித்திரசித்தன் என்று கல்வெட்டு! கவனித்தீர்களா? மூன்று சாமிக்குக் கோயில், கீழே கையெழுத்து ராஜாவுக்கு. என்னைக் கேட்டால், இவ்வளவு கச்சிதமான பயோவை இன்ஸ்டாகிராமில் இன்னும் நான் பார்க்கவில்லை!

போலி ஆதரவு? அதுவும் பழசுதான்! கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரச் சுவர்களில் தேர்தல் விளம்பரங்கள் ஏராளமாகக் கிடைத்தன. வாட்டியா என்று ஒரு வேட்பாளர். அவருக்கு ஓட்டுக் கேட்டு எழுதியவர்கள் யார் யார் தெரியுமா? ராத்திரி நெடுநேரம் குடிப்பவர்கள் சங்கமாக! சில்லறைத் திருடர்கள்! தூங்கிக்கொண்டிருப்பவர்கள் அனைவரும்! எதிர்க்கட்சிக்காரனின் குசும்பாக இருக்கலாம் என்கிறார்கள். 'ட்ரோல்' செய்வதற்கு இன்டர்நெட் எதற்கு?

லியனார்டோ டா வின்சி வேலை கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறது, தெரியுமா? 1482 வாக்கில், மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு. எனக்குப் பாலம் கட்டத் தெரியும், பீரங்கி செய்யத் தெரியும், மூடிய போர்வண்டி செய்யத் தெரியும் என்று பாயிண்ட் பாயிண்டாக அடுக்கிவிட்டு, கடைசியில் போகிற போக்கில், படமும் வரைவேன் என்கிறார்! மோனாலிசாவை வரைந்த ஆள்! இன்னொரு விஷயம், நமக்குக் கிடைத்திருக்கும் பிரதியில் இருப்பது அவர் கையெழுத்தே இல்லையாம். ரெஸ்யூமேவை அடுத்தவரிடம் கொடுத்து எழுதவைப்பது 500 ஆண்டுப் பழக்கம்!

தன் புத்தகத்துக்குத் தானே மதிப்புரை எழுதி, பெயர் போடாமல் பத்திரிகையில் வெளியிட்ட மகாகவி யார் தெரியுமா? அமெரிக்காவின் வால்ட் விட்மன்! ஒன்று அல்ல, மூன்று மதிப்புரை! 1855-ல் 'புல்லின் இதழ்கள்' வந்தபோது நடந்தது. புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் பாராட்டித் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் போட்டார். விட்மன் அவரைக் கேட்காமலே அதைச் செய்தித்தாளில் போட்டார். அடுத்த பதிப்பில் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து, எமர்சன் பெயரோடு, புத்தகத்தின் முதுகில் தங்க எழுத்தில் அச்சிட்டார்! ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன்னோடி!

பல்லவர் கதையில் பேனர் பற்றிச் சொன்னேனே, அதில் ஒன்று ஞாபகம் வருகிறது. உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் போடக்கூடாது என்று ஓர் உத்தரவே வந்தது, தெரியுமா? 2017 அக்டோபர், சென்னை உயர் நீதிமன்றம்! பூப்புனித நீராட்டு விழாவில் தொடங்கி கட்சி மாநாடு வரை சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட மச்சான் எல்லாரும் கூலிங்கிளாஸில் சிரிக்கும் மாநிலத்தில்!

செத்தது போல ஒரு செல்ஃபி!

உலகின் முதல் செல்ஃபி எடுக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? சுமார் 10 முதல் 15 நிமிடம் என்கிறார்கள்! 1839, ஃபிலடெல்ஃபியா. விளக்குக் கடைக்காரர் ராபர்ட் கார்னீலியஸ், கடைக்குப் பின்னால் கேமராவை வைத்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, முன்னால் வந்து அசையாமல் இருந்தார். கலைந்த தலை, குறுக்கே கட்டிய கை, ஒரு சந்தேகப் பார்வை. படம் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரம்!

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் அபாரம். பாரிஸில் இப்போலித் பயார் என்று ஒருவர். ஃபோட்டோ எடுக்கத் தனக்கென்று ஒரு முறை கண்டுபிடித்தார். ஆனால் அரசாங்கம் பேரும் பணமும் கொடுத்தது போட்டியாளர் டகேருக்கு! பயார் என்ன செய்தார் தெரியுமா? சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்புக்குக் கீழே துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார். பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய வைக்கோல் தொப்பி. அப்படியே தன்னைத் தானே ஃபோட்டோ எடுத்தார். பின்பக்கத்தில் எழுதினார்: இது பயாரின் பிணம், அரசாங்கம் கைவிட்டதால் தண்ணீரில் மூழ்கிச் செத்தான், அடையாளம் காட்டக்கூட ஆள் வரவில்லை. படத்தில் வெயில்பட்ட முகமும் கையும் மட்டும் கறுத்துத் தெரிந்தன. அதையும் விடவில்லை மனிதர்! முகமும் கையும் அழுக ஆரம்பித்துவிட்டன, நாற்றம் வரும், தள்ளிப் போங்கள் என்று சேர்த்துக்கொண்டார்! 1840-ல் செத்துப்போன பயார் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு வாழ்ந்தார்? 47! சோகப் பதிவு போட்டு அனுதாபம் தேடும் கலையில் இவரை மிஞ்ச ஆளே இல்லை என்பது என் கட்சி.

ஓவியர் வான்கோ தன்னைத் தானே 35-க்கும் மேற்பட்ட முறை வரைந்தார். தற்பெருமையா? இல்லை! மாடல் வைக்கக் காசில்லை!

அது உங்கள் மூக்கே இல்லை!

செல்ஃபியில் மூக்கு சப்பென்று பெரிதாகத் தெரிகிறதா? கவலையே வேண்டாம்! 12 அங்குல தூரத்தில் எடுத்தால் மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்குப் போட்டார்கள். 5 அடி தள்ளி வைத்தால் சரியாகிவிடும். செல்ஃபியைக் காட்டி மூக்கை அறுத்துச் சின்னதாக்கச் சொல்லி வருபவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கே!

அடுத்தவர் எடுத்த படத்தில் நீங்கள் உங்களுக்கே விநோதமாகத் தெரிவது ஏன்? தினமும் நீங்கள் பார்ப்பது கண்ணாடியில் இடவலம் மாறிய முகம். 1977-ல் ஒரு சோதனை. ஒருவரின் நேர்ப்படம், கண்ணாடிப் படம் இரண்டையும் காட்டினார்கள். அவருக்குப் பிடித்தது கண்ணாடிப் படம். நண்பருக்குப் பிடித்தது நேர்ப்படம். 'இதுல நல்லாத்தானே இருக்கே' என்று நண்பர் சொன்னால் அது பொய் இல்லை!

இன்னொரு ஆய்வு, 2008. ஒருவரின் முகத்தை கம்ப்யூட்டரில் கொஞ்சம் அழகாக்கினார்கள், கொஞ்சம் அசிங்கமாக்கினார்கள், அசலையும் நடுவில் வைத்தார்கள். எது உங்கள் முகம் என்று கேட்டால்? அழகாக்கியதையே காட்டினார்கள்! பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்கள். ஃபில்டர் மூளைக்குள்ளேயே இருக்கிறது!

93-ம் 93-ம்!

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க ஓட்டுநர்களிடம் ஒரு கேள்வி, 1981-ல் வெளிவந்தது: மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் ஓட்டுவதில் எப்படி? சிறந்த பாதியில்தான் நான் என்றவர்கள் 93 சதவீதம்! பாதிக்குள் எப்படி ஐயா 93 பேர் உட்கார முடியும்?

2011-ல் ஃபேஸ்புக்கில் இருந்த 72 கோடிப் பேரின் நட்புப் பட்டியலை அலசினார்கள். தன் நண்பர்களின் சராசரியை விடத் தனக்கு நண்பர்கள் குறைவாக இருப்பவர்கள் எத்தனை பேர்? அதுவும் சுமார் 93 சதவீதம்! வண்டி ஓட்டும்போது ராஜா, ஃபோனைத் திறந்தால் கூஜா!

மந்திரமா? இல்லை, வெறும் கணக்கு. 2,000 பேரைத் தெரிந்து வைத்திருப்பவர் 2,000 பட்டியலில் வருவார். 20 பேரை மட்டும் தெரிந்தவர் 20 பட்டியலில்தான் வருவார். ஆக, உங்கள் பட்டியலில் முதல் வகை ஆள் சிக்கத்தான் வாய்ப்பு அதிகம். சராசரியை அவர் தூக்கிவிடுவார்! ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-லேயே எழுதிவிட்டார். ஃபேஸ்புக் வருவதற்கு 13 ஆண்டு முன்னால்! 'எல்லாருக்கும் என்னைவிட அதிகம்' என்று ராத்திரி 11 மணிக்கு மனசு வெம்புகிறதே, அதில் பெரும்பங்கு இந்தக் கணக்கின் சதி.

எல்லாரும் உங்களையே பார்க்கிறார்களா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களுக்கு ஒரு டிஷர்ட் மாட்டிவிட்டார்கள். அதில் பழைய பாடகர் பாரி மனிலோவின் பெரிய முகம். இளைஞர்கள் போட்டுக்கொள்ளக் கூசும் சட்டை! அப்படியே மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் தள்ளினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் பயந்தார். நிஜத்தில் கவனித்தது? நாலில் ஒருவர்தான்!

சுயமதிப்புக்கு ஒரு ஃபார்முலா உண்டு, தெரியுமா? 1890-ல் உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் கொடுத்தார். அடைந்த வெற்றியை, ஆசைப்பட்டதால் வகுக்க வேண்டும்! 100 லைக்குக்கு ஆசைப்பட்டு 50 வந்தால் அரை. 10-க்கு ஆசைப்பட்டு அதே 50 வந்தால் ஐந்து! அதே படம், அதே லைக், பத்து மடங்கு மதிப்பு!

சுயமதிப்பை வளர்க்க ஓர் அரசாங்கமே கமிட்டி போட்டது, தெரியுமா? 1986, கலிஃபோர்னியா! ஆண்டுக்கு 2,45,000 டாலர், மூன்று ஆண்டுக்கு. கொண்டுவந்த அரசியல்வாதி ஜான் வாஸ்கன்செலோஸின் கணக்கு என்ன? மக்கள் தங்களை மதித்தால் குற்றம் குறையும், போதை குறையும், நன்றாகச் சம்பாதித்து வரி கட்டுவார்கள், பட்ஜெட்டே சரியாகிவிடும்! கமிட்டியோடு சேர்ந்து வேலை செய்த பேராசிரியர்கள் 1989-ல் தொகுத்த புத்தகம் என்ன சொன்னது? சுயமதிப்புக்கும் அந்தத் தொல்லைகளுக்கும் உள்ள தொடர்பு சொல்லும்படியாக இல்லை!

கொட்டகைக்கு முதல் பரிசு!

லண்டனின் நம்பர் 1 உணவகம், 2017 நவம்பரில் எது தெரியுமா? ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகை! ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தான் குடியிருந்த கொட்டகையை 'தி ஷெட் அட் டல்விச்' என்று ட்ரிப்அட்வைசரில் பதிந்தார். ஆரம்ப ரேங்க் 18,149. மெனு? சாப்பாட்டுக்குப் பதில் மனநிலைகளின் பெயர்கள்! அழகழகான உணவுப் படங்கள்? ஷேவிங் நுரை, பிளீச் மாத்திரை. ஒரு படத்தில் முட்டைக்குப் பக்கத்தில் இருந்த இறைச்சி எது தெரியுமா? அவர் குதிகால்! நண்பர்களை விட்டு விமர்சனம் எழுதவைத்தார். டேபிள் கேட்டு ஃபோன் குவிந்தது. இடம் இல்லை, இடம் இல்லை என்றே சொன்னார். இல்லை என்று சொல்லச் சொல்லக் கூட்டம் ஏறியது! ஒரு வேளைகூடப் பரிமாறாமல் முதலிடம்! பிறகு ஒரே ஒரு ராத்திரி திறந்து, சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய மலிவு ரெடிமேட் சாப்பாட்டைச் சூடுபண்ணி வைத்தார். சாப்பிட்டவர்களில் சிலர், திரும்பவும் வரலாமா என்று கேட்டார்கள்!

தனி விமானத்தில் பறக்கும் இன்ஸ்டா பிரபலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறீர்களா? லாஸ் ஏஞ்சலஸில் விமானத்தின் உள்பக்கம் மாதிரியே செட் போட்ட ஸ்டூடியோ உண்டு. 2020-ல் வாடகை மணிக்கு 64 டாலர்! சக்கரமும் இல்லை, இறக்கையும் இல்லை!

அமாலியா உல்மன் என்ற கலைஞர் 2014-ல் சில மாதம் இன்ஸ்டாகிராமில் ஒரு வாழ்க்கை வாழ்ந்தார். ஊருக்குப் புதுசு, காதல் முறிவு, மார்பக அறுவை சிகிச்சை, மனமுடைவு, யோகா, மறுவாழ்வு. பின்தொடர்ந்தவர்கள் உருகினார்கள், திட்டினார்கள், வாழ்த்தினார்கள். அத்தனையும் முன்கூட்டியே எழுதிய நாடகம்! பிறகு அது லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இன்னொருத்தி, மிக்கேலா. நெற்றியில் கத்தரித்த முடி, கன்னத்தில் புள்ளிகள். இணையத்தில் செல்வாக்குள்ள 25 பேர் என்று டைம் பத்திரிகை 2018-ல் போட்ட பட்டியலில் இருந்தாள். ஆள் எங்கே? ஆளே கிடையாது! கம்ப்யூட்டரில் செய்த பொம்மை!

அதற்கு அடுத்த ஆண்டு லிங்க்ட்இன்னில் கேட்டி ஜோன்ஸ் என்ற பெயரில் ஒரு முகம். வாஷிங்டன் ஆய்வு நிறுவனத்தில் வேலை, பெரிய பெரிய அதிகாரிகளோடு தொடர்பு. முகம்? ஏஐ வரைந்தது! ஒற்றர் வேலையாக இருக்கலாம் என்று நிபுணர்கள் சந்தேகித்தார்கள்.

ஃபாலோயர் கடையில் கிடைக்குமா? கிடைத்தது! டெவுமி என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 20 கோடி ட்விட்டர் ஃபாலோயர்களை விற்றதாக நியூயார்க் டைம்ஸ் 2018-ல் அம்பலப்படுத்தியது. கையிருப்பில் 35 லட்சம் தானியங்கிக் கணக்கு. ஒரே சரக்கைத் திரும்பத் திரும்ப விற்றார்கள்!

களையெடுப்பு நாளில் என்ன ஆகும்? 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிகளைத் துடைத்தது. 36 லட்சம் ஃபாலோயர் வைத்திருந்த ஒரு கணக்கில் மிச்சம் எத்தனை தெரியுமா? 8! லட்சம் இல்லை, வெறும் எட்டு! இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கிலேயே 1 கோடியே 88 லட்சம் காணாமல் போனது! 2018-ல் ட்விட்டர் துடைத்தபோது அதன் சொந்தக் கணக்கில் 77 லட்சம் அவுட்! அதே ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 2 லட்சம் குறைந்ததும் கோபித்துக்கொண்டு, கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று ட்வீட் போட்டவர் யார்? 3 கோடிக்கும் மேல் ஃபாலோயர் வைத்திருந்த அமிதாப் பச்சன்! கிளம்பவில்லை, நல்லவேளை!

நான்தான் நான்!

நீல டிக் எப்படிப் பிறந்தது? பேஸ்பால் பயிற்சியாளர் டோனி லா ருஸா, தன் பெயரில் எவனோ ட்வீட் போடுகிறான் என்று 2009-ல் வழக்குப் போட்டார். அடுத்த மாதமே, உண்மையான ஆளுக்கு அடையாளக் குறி தரப்போவதாக ட்விட்டர் அறிவித்தது!

அந்த டிக் 8 டாலருக்கு விற்பனைக்கு வந்தது 2022 நவம்பரில். உடனே ஒருவர் எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் டிக் வாங்கி, இனி இன்சுலின் இலவசம் என்று போட்டார். அடுத்த நாள் நிஜ நிறுவனத்தின் பங்கு விலை 4 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது! 8 டாலரில் எவ்வளவு பெரிய வெடி!

2023 ஏப்ரலில் பழைய டிக்குகள் பறிக்கப்பட்டன. சந்தா கட்டியவருக்கு மட்டும் டிக். அப்போது யார் யாருக்கு டிக் இருந்தது தெரியுமா? இறந்துபோன கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டுக்கு! இறந்துபோன நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு! கிளிக் செய்தால், இவர் சந்தா கட்டி ஃபோன் நம்பரையும் சரிபார்த்திருக்கிறார் என்று விளக்கம் வேறு!

தான் யார் என்று நிரூபிக்க முடியாமல் திண்டாடிய உலகப் புகழ் எழுத்தாளர் யார்? சல்மான் ருஷ்டி! 2011-ல் ஃபேஸ்புக் அவர் கணக்கை முடக்கியது. பாஸ்போர்ட் அனுப்பினார். அதில் முதல் பெயர் அஹமது. உடனே புரொஃபைலை அஹமது ருஷ்டி என்று மாற்றிவிட்டார்கள்! அவர் ட்விட்டரில் போய் சத்தம் போட்டார். பழைய பெயர் திரும்ப வந்தது.

நீங்கள் போன பிறகு உங்கள் புரொஃபைல் என்ன ஆகும்? ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஃபேஸ்புக்கில் புது ஆள் சேராமலே போனால் 2100-க்குள் குறைந்தது 140 கோடி உறுப்பினர்கள் இறந்திருப்பார்கள். 2070 வாக்கிலேயே அங்கே உயிரோடு இருப்பவர்களை விட இறந்தவர்கள் அதிகமாகிவிடலாம்! பிறந்தநாள் வாழ்த்து போடும் முன் ஒரு தடவை விசாரித்துவிடுவது நல்லது!

கடைசியாக ஒன்று. யாராவது அளவுக்கு மீறிப் புகழ் பெற்றுவிட்டால் கவுண்டர் தாங்குமா? தாங்காமல் போகும் நிலைமை வந்தது! யூடியூபின் கவுண்டரால் எண்ண முடிந்த உச்சம் 2,147,483,647. அதற்கு மேல் யாருக்கும் போகாது என்று நினைத்திருந்தார்கள். 2014-ல் தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' குதிரை ஆட்டம் ஆடிக்கொண்டே அதைத் தாண்டியது! யூடியூப் கவுண்டரையே மாற்றியது. புதிய உச்சம் எவ்வளவு தெரியுமா? 9,223,372,036,854,775,807! நொடிக்கு ஒரு பார்வை என்று போனால் இது நிரம்ப சுமார் 29,000 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்துக்கே இப்போது வயது சுமார் 1,380 கோடிதான்! உங்கள் அடுத்த ரீல்ஸுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது, போடுங்கள்!